சோதனையை எழுதிவைத்தல்

உயிரியல் பயிலும் மாணவர் ஒவ்வொருவரிடமும் செய்முறைப் பதிவேடு ஒன்று உண்டு. கோடிட்ட பக்கத்தில் எழுத்து. கோடில்லாப் பக்கத்தில் பென்சிலால் வரைந்த படம். நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, அறிவன என்று ஐந்து தலைப்புகள். அந்தப் பதிவேட்டைப் பற்றிக் கேட்டால், தேர்வுக்கு முன் ஆசிரியரிடம் கையொப்பம் பெறவேண்டிய சுமை என்றே மாணவருள் பலர் சொல்லுவர். செய்வதுதான் விஞ்ஞானம், எழுதுவது அதன் பின்னால் வரும் கணக்கப்பிள்ளை வேலை என்னும் எண்ணம் அவர்களிடம் வேரூன்றி இருக்கிறது. நல்ல மாணவர்களிடம்கூட இதனைக் கண்டிருக்கிறேன்.

அந்த ஐந்து தலைப்புகளுக்குப் பின்னே முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. பெரிய அறிஞர்கள் எதை எழுதினார்கள், எதை எழுத மறந்தார்கள், மறந்ததனால் என்ன நேர்ந்தது என்பதே அவ்வரலாறு. இந்தப் பேச்சில் அதன் சில பகுதிகளைச் சொல்ல விரும்புகிறேன். பெரும்பாலும் செடிகளைப் பற்றிய சோதனைகளையே எடுத்துக்கொள்கிறேன். அவற்றின் வழிவந்த சோதனைகளைத்தான் இன்றும் பள்ளிகளில் செய்கிறோம்.

பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் பிறந்தவர் வான் ஹெல்மாண்ட் என்னும் மருத்துவர். அவர் 1644-இல் காலமானார். அவர் எழுதி வைத்திருந்தவற்றை அவருடைய மகன் திரட்டி, 1648-இல் இலத்தீன் மொழியில் ஒரு பெருநூலாக வெளியிட்டார். அந்நூலில் ஒரு மரக்கன்றைப் பற்றிய சிறு பத்தி இருக்கிறது. ஒரு பக்கம்கூட வராத பத்தி அது. ஆனால் செடிகளின் உணவைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் அந்தப் பத்தியைத் தாண்டிச் செல்ல முடிவதில்லை.

செடி எதனால் வளர்கிறது என்பது வினா. மண்ணை உண்டு வளர்கிறது என்பது அதுவரை பலரும் நம்பிய விடை. ஹெல்மாண்ட் 200 ராத்தல் மண்ணை உலையில் உலர்த்தி நிறுத்து ஒரு தொட்டியில் இட்டார். ராத்தல் என்பது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த பழைய நிறை. மண்ணை மழைநீரால் நனைத்து, வில்லோ என்னும் மரத்தின் கன்று ஒன்றை நட்டார். கன்றின் எடை 5 ராத்தல். வேண்டியபோது மழைநீரோ வடித்த நீரோ ஊற்றினாரேயன்றி வேறொன்றும் இடவில்லை. ஐந்து ஆண்டுகள் சென்றபின் மரத்தைப் பிடுங்கி நிறுத்தார். 169 ராத்தலும் ஏறத்தாழ 3 அவுன்சும் இருந்தது. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தார். 200 ராத்தலுக்கு ஏறத்தாழ 2 அவுன்ஸ் குறைவாக இருந்தது. ஆகவே 164 ராத்தல் மரமும் பட்டையும் வேரும் நீரிலிருந்து மட்டுமே தோன்றின என்று முடித்தார்.

அவர் முடிவு பிழையானது. அது பிழை என்பது இன்று ஏழாம் வகுப்பு மாணவனுக்கும் தெரியும். ஆனால் அவர் எழுதியதை மீண்டும் ஒருமுறை பாருங்கள். மண் உலர்ந்ததா ஈரமானதா என்று சொல்லியிருக்கிறார். எந்த நீர் என்று சொல்லியிருக்கிறார். காற்றில் பறந்து வரும் தூசி மண்ணோடு கலந்துவிடாதபடி வெள்ளீயம் பூசிய இரும்புத் தகட்டில் துளைகள் இட்டுத் தொட்டியின் வாயை மூடியதைச் சொல்லியிருக்கிறார். இவற்றையெல்லாம்விட எனக்கு வியப்புத் தருவது வேறொன்று. நான்கு இலையுதிர் காலங்களில் உதிர்ந்த இலைகளின் எடையைத் தாம் கணக்கிடவில்லை என்பதையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். அதை எழுதாமல் விட்டிருந்தால் அவரை யார் கேட்டிருக்கப் போகிறார்கள்?

காண்பன வேறு, அறிவன வேறு என்று நாம் பிரித்து எழுதுவதன் பொருள் இதுதான். மரத்தின் எடையும் மண்ணின் எடையும் காண்பன. நீரிலிருந்தே மரம் தோன்றியது என்பது அறிவன. இரண்டையும் கலந்து, நீரே மரமாக மாறுவதைக் கண்டேன் என்று மட்டும் அவர் எழுதிப் போயிருந்தால், முடிவு வீழ்ந்த நாளில் சோதனையும் உடன் வீழ்ந்திருக்கும். பிரித்து எழுதியதனால், முடிவைத் தள்ளிவிட்டு எண்களை மட்டும் நாம் வைத்துக்கொள்ள முடிகிறது. அவர் பொருட்படுத்தாமல் விட்ட அந்த 2 அவுன்ஸ் குறைவும் எண்ணத்தக்கதே. செடி மண்ணிலிருந்து சிறிதளவே உப்புகளை எடுத்துக்கொள்கிறது. ஆனால் எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறது.

அதே பெருநூலில் இன்னொரு செய்தியும் உண்டு. 62 ராத்தல் கரியை எரித்தால் 1 ராத்தல் சாம்பல்தான் எஞ்சுகிறது. மற்றதெல்லாம் கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஆவியாகப் போய்விடுகிறது என்கிறார் ஹெல்மாண்ட். அப்படிப்பட்ட பொருளுக்குக் ‘காஸ்’ என்று பெயரிட்டவரும் அவரே. அந்த ஆவிதான் கரியமில வாயு. அவருடைய மரம் ஐந்து ஆண்டுகளும் காற்றிலிருந்து எடுத்து உண்டதும் அதே வாயுதான். உண்ட பொருளுக்குப் பெயர் வைத்தவரே உண்டதை அறியவில்லை!

இனி அவருடைய நூலின் மற்றொரு பக்கத்துக்கு வருவோம். அழுக்குப் படிந்த சட்டை ஒன்றைக் கோதுமை நிறைந்த பாத்திரத்தின் வாயில் திணித்து வைத்தால், ஏறத்தாழ 21 நாட்களில் கோதுமை எலிகளாக மாறும் என்கிறது அந்தப் பக்கம். தோன்றும் எலிகள் பால்குடிக் குட்டிகளாக இல்லாமல் முழு வளர்ச்சி பெற்றவையாக இருக்குமாம். சிரிக்க வேண்டா. எழுதியவர் இலையின் எடையைக் கணக்கிடவில்லை என்று ஒப்புக்கொண்ட அதே மனிதர். அறிவு குறைந்ததனால் இவ்வாறு எழுதினார் என்று சொல்ல முடியாது. இந்த எலிக் கதையில், சட்டை வைக்காத இன்னொரு பாத்திரம் என்ன ஆயிற்று என்ற பேச்சு இல்லை; பாத்திரம் எங்கே இருந்தது, எலி உள்ளே புக வழி இருந்ததா என்ற பேச்சும் இல்லை. மரக்கன்றுப் பத்தி ஒரு சோதனையின் குறிப்பு; எலிப் பத்தி சமையற் குறிப்பு. இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதைவிடச் சிறந்த பாடம் ஒரு மாணவனுக்குக் கிடைப்பது அரிது.

அந்த இன்னொரு பாத்திரத்தைக் கொண்டு வந்து வைத்தவர் இத்தாலியர் ஒருவர். பிரான்செஸ்கோ ரெடி என்பது அவர் பெயர். பிளாரன்ஸ் நகரத்து அரண்மனை மருத்துவர், கவிஞருங்கூட. அழுகும் இறைச்சியிலிருந்து புழுக்கள் தாமே தோன்றுகின்றன என்று உலகம் நம்பிய காலம் அது. 1668-இல் அவர் வெளியிட்ட நூலில் தம் சோதனையை இவ்வாறு சொல்கிறார்: வாய் அகன்ற நான்கு குடுவைகள். ஒன்றில் பாம்பு, ஒன்றில் ஆற்று மீன்கள், ஒன்றில் ஆர்னோ ஆற்று விலாங்குகள், ஒன்றில் பால் மறவாத கன்றின் இறைச்சித் துண்டு. நான்கையும் இறுக மூடி முத்திரையிட்டார். அதே பொருள்களை இட்ட வேறு நான்கு குடுவைகளைத் திறந்தபடி விட்டார். திறந்தவற்றில் ஈக்கள் வந்து போயின, புழுக்கள் தோன்றின. மூடியவற்றில் நாட்கள் பல சென்றும் ஒரு புழுவும் இல்லை.

காற்றுப் புகாமையே காரணம் என்று யாரேனும் வாதிடக்கூடும் அன்றோ? அதனை அவரே எண்ணிப் பார்த்து, காற்றுப் போகவும் ஈ புகாமலும் இருக்கும்படி மெல்லிய வலைத்துணியால் மூடி மீண்டும் செய்து பார்த்தார். அப்போதும் இறைச்சியில் புழு இல்லை. படிப்பவன் மனத்தில் எழக்கூடிய மறுப்பை எழுதுபவன் முன்னரே கேட்டு விடை தேடுவது இங்கே தொடங்குகிறது. ஆனால் ரெடியும் எல்லாவற்றிலும் வெல்லவில்லை. செடிகளின் கணுக்களிலும் இலைகளிலும் புடைத்து நிற்கும் முண்டுகளுக்குள் இருக்கும் பூச்சிகள் அந்தச் செடியிலிருந்தே தோன்றுகின்றன என்று அவர் கருதினார். அங்கே மூடிய குடுவையும் திறந்த குடுவையும் அவரிடம் இல்லை.

இதே காலத்தில் இங்கிலாந்தில் ஒரு புது வழக்கம் வேர்விட்டது. ராயல் சொசைட்டி என்னும் அறிஞர் கழகத்தின் செயலாளர் ஓல்டன்பர்க், 1665 மார்ச்சு மாதம் விஞ்ஞான இதழ் ஒன்றைத் தொடங்கினார். அறையில் இருந்து கண்ணால் காணாதவர்களும் ஒரு சோதனையைப் பற்றி அறிந்து மதிப்பிடலாம் என்ற நிலை அதனால் உண்டாயிற்று. அந்தக் கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் பாயில், வெற்றி பெறாத சோதனைகளைப் பற்றியே இரண்டு கட்டுரைகள் எழுதி 1661-இல் வெளியிட்டார். நீட்டி எழுதுகிறார் என்று சலித்துக்கொள்ளும் அளவுக்கு அவர் எழுத்தில் விவரம் மிகுதி. அருகில் நின்று பார்த்ததுபோல் படிப்பவனுக்குத் தோன்ற வேண்டும் என்பது அவர் கருத்து. சோதனை எழுத்தில் சுருக்கம் எப்போதும் சிறப்பன்று என்பதில் நான் பாயிலின் பக்கம்.

ஹாலந்து நாட்டில் டெல்ப்ட் என்னும் ஊரில் லீவன்ஹூக் என்ற துணி வணிகர் இருந்தார். இலத்தீன் அறியாதவர். தாமே தேய்த்துச் செய்த சிறு கண்ணாடி வில்லைகளால், மழைநீரிலும் மிளகு ஊறிய நீரிலும் அதுவரை மனிதர் கண்டிராத சிற்றுயிர்களைக் கண்டார். மிளகின் காரம் எதனால் வருகிறது என்று அறியப் போய் இதனைக் கண்டார் என்பது சுவையான செய்தி. கண்டதைத் தம் தாய்மொழியாகிய டச்சு மொழியிலேயே 1676-இல் ராயல் சொசைட்டிக்குக் கடிதமாக எழுதினார். தாய்மொழியில் விஞ்ஞானம் எழுத முடியுமா என்று இன்னமும் ஐயுறுவோர் இந்தத் துணி வணிகரை நினைத்துக்கொள்ளலாம்.

கடிதத்தை அங்கே எளிதில் நம்பவில்லை. லீவன்ஹூக் என்ன கண்டேன் என்பதை நிறைய எழுதினார். எப்படிக் கண்டேன் என்பதை மட்டும் தமக்குள் வைத்துக்கொண்டார். தம் சிறந்த முறையைப் பிறருக்குக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை. அதனால் அவர் சாட்சிகளைத் தேட வேண்டியதாயிற்று. சமய குருமார் உள்ளிட்ட எட்டுப் பேர், தாங்களும் அவ்வுயிர்களைக் கண்டதாக எழுதிக் கொடுத்தார்கள். 1677 நவம்பரில் ராபர்ட் ஹூக் மிளகு நீரை வைத்துத் தாமே முயன்று அவற்றைக் கண்டு பிறருக்கும் காட்டிய பின்னரே ஐயம் நீங்கியது. செய்முறையைத் தெளிவாக எழுதியவனுக்குச் சாட்சி தேவையில்லை. படிப்பவன் தானே செய்து பார்த்துக்கொள்வான். எட்டு நற்சான்றிதழ்கள் செய்ய முடியாததை ஒரு கிண்ணம் மிளகு நீர் செய்தது.

இனி இந்தப் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். எழுதாமல் விட்ட ஒரே ஒரு சொல்லால் சில ஆண்டுகள் ஐரோப்பிய அறிஞர்கள் குழம்பி நின்ற கதை இது.

ஜோசப் பிரீஸ்ட்லி என்பவர் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் சமய போதகராக இருந்தார். மூடிய கண்ணாடிக் கலத்துள் மெழுகுவர்த்தி சிறிது நேரம் எரிந்து அணைந்துவிடும். அந்தக் காற்றில் வேறொரு வர்த்தியும் எரியாது. இப்படிக் கெட்டுப்போன காற்று மீண்டும் நல்ல காற்றாவது எவ்வாறு? உலகத்தில் எத்தனையோ அடுப்புகள் எரிகின்றன, எத்தனையோ உயிர்கள் மூச்சு விடுகின்றன; காற்று ஏன் முழுவதும் கெட்டுப்போகவில்லை? 1771 ஆகஸ்டு 17-ஆம் நாள், வர்த்தி எரிந்து அணைந்த காற்றில் புதினாத் தளிர் ஒன்றை வைத்தார். அதே மாதம் 27-ஆம் நாள் அந்தக் காற்றில் வேறொரு வர்த்தி நன்றாக எரிந்தது. அதோடு நிற்கவில்லை. கெட்ட காற்றை இரண்டாகப் பிரித்து, ஒன்றில் செடியை வைத்து, மற்றொன்றைச் செடியில்லாமல் அதே இடத்தில் வைத்தும் பார்த்தார். செடி இருந்த காற்றில் வர்த்தி எரிந்தது, இல்லாததில் எரியவில்லை. நாள் இருக்கிறது, ஒப்பிட இன்னொரு கலம் இருக்கிறது. 1772-இல் இது அச்சேறியது. ராயல் சொசைட்டி அவருக்குத் தன் உயர்ந்த விருதாகிய காப்ளி பதக்கத்தை வழங்கிச் சிறப்பித்தது.

பிறகு தொல்லை தொடங்கிற்று. மற்றவர்கள் செய்து பார்த்தபோது சில வேளைகளில் செடி காற்றைத் தூய்மையாக்கியது. சில வேளைகளில் இன்னும் கெடுத்தது. சுவீடன் நாட்டு ரசாயன அறிஞர் ஷீலே, செடிகள் காற்றைக் கெடுக்கின்றன என்றே எழுதினார். அவர் ஏமாற்றுக்காரர் அல்லர், கைத்திறம் மிக்கவர். பிரீஸ்ட்லி தாமே 1778-இல் மீண்டும் செய்தபோது அவருக்கும் ஒன்றுக்கொன்று முரணான விளைவுகள் கிடைத்தன. அவற்றை மறைக்காமல் அவர் வெளியிட்டார் என்பதை அவருடைய பெருமையாகச் சொல்லவேண்டும். ஆயினும் காரணம் விளங்கவில்லை.

ஹாலந்தில் பிறந்து வியன்னா அரண்மனையில் மருத்துவராக இருந்தவர் யான் இங்கன்ஹவுஸ். பேரரசி மரியா தெரசாவின் குடும்பத்தாருக்கு அம்மைப்பால் குத்தும் முறை தோன்றுவதற்கு முன்பிருந்த பழைய முறையில் 1768-இல் அம்மை குத்திப் புகழ் பெற்றவர். அவர் 1779-ஆம் ஆண்டுக் கோடையில் லண்டனுக்கு அருகே நாட்டுப்புற வீடு ஒன்றில் தங்கினார். மூன்று மாதத்துக்குள் ஐந்நூறுக்கு மேற்பட்ட சோதனைகள் செய்தார். இலைகளை நீருள் அமிழ்த்தி வைத்து, எப்போது குமிழிகள் எழுகின்றன, எழுந்த வாயு எத்தகையது என்று பார்த்தார். வெயிலில் வைத்தார், நிழலில் வைத்தார், இரவில் வைத்தார். பூவையும் காயையும் வேரையும் தனித்தனியே வைத்தார். பகலில், கதிரவன் ஒளியில், செடியின் பச்சை நிறப் பகுதிகள் மட்டுமே காற்றைத் தூய்மையாக்குகின்றன. இருளில் செடி முழுவதுமே காற்றைக் கெடுக்கிறது. வேலை செய்வது கதிரவனின் ஒளியேயன்றி வெப்பம் அன்று என்று கண்டார். அந்த ஆண்டிலேயே நூலாக வெளியிட்டார். நூலின் பெயரே ஒரு பத்தி அளவு நீளும். செடிகள் வெயிலில் காற்றைத் தூய்மையாக்குவதும் நிழலிலும் இரவிலும் கெடுப்பதும் அந்தப் பெயருக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. பதிவேட்டின் அறிவன என்ற தலைப்பை அட்டையிலேயே ஒட்டிவிட்டார் எனலாம்.

பிரீஸ்ட்லி எங்கே தவறினார்? ஒப்பிடும் கலம் அவரிடம் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. ஆனால் இரண்டு கலங்களும் அருகருகே ஒரே வெளிச்சத்தில் இருந்தன. ஒப்பிடும் கலம் எதைச் சொல்லும்? இரண்டுக்கும் இடையே எது வேறுபட்டதோ அதைப் பற்றி மட்டுமே சொல்லும். இரண்டுக்கும் பொதுவாக இருப்பதைப் பற்றி அது வாயே திறக்காது. வெளிச்சம் பொதுவாக இருந்தது; ஆகவே அது கணக்கில் வரவில்லை. கலம் சன்னலோரம் இருந்ததா, எத்தனை மணி நேரம் வெயில் விழுந்தது, வானம் மேகமூட்டமாக இருந்ததா என்று ஒவ்வொரு சோதனையிலும் எழுதி வைத்திருந்தால், பின்னாளில் வந்த முரண்பாடுகளை அந்தக் குறிப்புகளே தீர்த்திருக்கும். தேவையில்லை என்று தோன்றுவதை ஏன் எழுதவேண்டும் என்ற கேள்விக்கு, இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது. எது தேவை என்பது சோதனை செய்யும் நாளில் தெரிவதில்லை.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெனீவா நகரத்துச் செனபியே, இதற்குக் கரியமில வாயு வேண்டும் என்பதை 1782-இல் எழுதினார். அதே ஊரைச் சேர்ந்த தெ சொசூர் 1804-இல், எடைக் கணக்கிட்டு, செடியின் வளர்ச்சியில் நீரும் சேர்கிறது என்று காட்டினார். அந்த அளவில் ஹெல்மாண்டும் முற்றிலும் தவறவில்லை. ஜெர்மானியர் சாக்ஸ் 1860-களில், ஒளி பட்ட இலையில் மாவுச்சத்து உண்டாவதை அயோடின் கொண்டு காட்டினார். இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத் தாளால் மறைத்து நீங்கள் செய்யும் சோதனை அவர் வழியில் வந்ததே.

அந்தச் சோதனையை மாணவர்கள் எப்படி எழுதுகிறார்கள்? ‘ஒரு தொட்டிச் செடி எடுத்துக்கொள்ளப்பட்டது. அது இருட்டில் வைக்கப்பட்டது. இலையின் ஒரு பகுதி மறைக்கப்பட்டு வெயிலில் வைக்கப்பட்டது. அயோடின் சேர்க்கப்பட்டது. மறைக்காத பகுதி நீலமாகியது’ என்று எழுதுகிறார்கள். வகுப்பில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது பதிவேடுகளிலும் இதே ஐந்து வாக்கியங்கள். இதைப் படித்துவிட்டு இன்னொருவர் அந்தச் சோதனையைச் செய்ய முடியுமா? என்ன செடி? எவ்வளவு நேரம் இருட்டு? எவ்வளவு நேரம் வெயில்?

இப்படி எழுதிப் பாருங்கள்: ‘செம்பருத்திச் செடியைத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி முதல் புதன்கிழமை காலை ஒன்பது மணி வரை இருட்டறையில் வைத்தேன். பிறகு ஓர் இலையின் நடுப்பகுதியை இருபுறமும் கறுப்புத் தாளால் மறைத்து, செடியைத் திறந்த வெளியில் வைத்தேன். பதினொரு மணி வரை நல்ல வெயில், பிறகு மேகம். பிற்பகல் இரண்டு மணிக்கு இலையைப் பறித்து நீரில் கொதிக்க வைத்தேன். ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் ஆதலால் அடுப்பின்மேல் நேரே வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்துள் வைத்த ஆல்கஹாலில் இலையை இட்டுப் பச்சையம் போக்கினேன். வெந்நீரில் அலசி அயோடின் கரைசலை விட்டேன். ஒளி பட்ட பகுதி கருநீலமாயிற்று. மறைத்த பகுதி பெரும்பாலும் பழுப்பாகவே இருந்தது. ஆனால் ஓரங்களில் இலேசான நீலம் தெரிந்தது.’

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் மாணவனின் நாணயம் இருக்கிறது. புத்தகத்தில் ஓரத்து நீலம் இல்லை. ஆகவே அதைக் காணாதவன்போல் விட்டுவிடலாம் என்று தோன்றும். மதிப்பெண் குறையுமோ என்ற அச்சமும் இருக்கும். அந்த அச்சத்தை உண்டாக்குவது ஆசிரியர்களாகிய எங்கள் குற்றம் என்றே கருதுகிறேன். உண்மையில் அந்த நீலம் கேள்விகளை எழுப்புகிறது. தாளின் ஓரத்தில் ஒளி கசிந்ததா? செடி இருட்டில் இருந்தது போதாமல் பழைய மாவுச்சத்து எஞ்சியிருந்ததா? எஞ்சியிருந்தால் ஓரத்தில் மட்டும் இராமல் மறைத்த பகுதி எங்கும் நிறம் பரவியிருக்க வேண்டும். இப்படி ஒருவன் எண்ணத் தொடங்கிவிட்டால் அவன் இங்கன்ஹவுசின் வழியில் நடக்கிறான். நீலத்தை விட்டு எழுதியவனுக்கு எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பட்டாணிச் செடிகளைக் கொண்டு மரபு விதிகளைக் கண்ட மெண்டல், 1865-இல் புரூனோ நகரத்தில் தம் ஆராய்ச்சியைப் படித்தார். மறு ஆண்டு அது அச்சாயிற்று. இரண்டாம் தலைமுறையில் மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதம் வரும் என்று நாம் மனப்பாடம் செய்கிறோம். மெண்டல் எழுதியது வெறும் விகிதம் அன்று. 253 செடிகளிலிருந்து 7,324 விதைகள். அவற்றுள் உருண்டை 5,474. சுருங்கியவை 1,850 என்று எழுதினார். வகுத்துப் பார்த்தால் 2.96-க்கு 1. அதோடு, விகிதத்துக்குச் சற்றும் பொருந்தாத தனிச் செடிகளையும் எடுத்துக் காட்டினார். ஒரு செடியில் உருண்டை 43, சுருங்கியது 2 மட்டுமே. இன்னொன்றில் உருண்டை 14, சுருங்கியது 15. ஒரே செடியை வைத்துக்கொண்டு முடிவு கட்டுபவன் எவ்வளவு ஏமாறுவான் என்பதை அந்த இரண்டு செடிகளும் சொல்லாமல் சொல்கின்றன.

மெண்டலின் கட்டுரையை 1900 வரை ஏறத்தாழ எவரும் பொருட்படுத்தவில்லை. பிறகு அது உலகப் புகழ் பெற்றது. 1936-இல் புள்ளியியல் அறிஞர் பிஷர் அந்த எண்களை எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தார்; தற்செயலாக வரக்கூடியதைவிட அவை விதிக்கு மிக நெருங்கி இருக்கின்றன என்று ஐயம் எழுப்பினார். அந்த வழக்கு நெடுங்காலம் நடந்தது; மெண்டலின் பக்கம் பேசியவர்களும் பலர். மெண்டலின் விதிகள் அதனால் அசையவில்லை. எழுபது ஆண்டுகளுக்குப் பின் வந்த, முகம் அறியாத ஒருவர் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய முடிந்தது என்றால், அதற்குரிய எண்களை எல்லாம் மெண்டலே அச்சில் கொடுத்திருந்தார் என்பதே காரணம்.

மொழிநடையைப் பற்றி ஒரு கருத்துண்டு. சற்று முன் காட்டிய மாதிரியில் ‘வைத்தேன்’, ‘விட்டேன்’ என்று எழுதினேன். பல வகுப்பறைகளில் இதனை ஏற்பதில்லை. ‘வைக்கப்பட்டது’, ‘விடப்பட்டது’ என்றே எழுதச் சொல்லுவர். செய்தவன் யார் என்பது முக்கியமன்று, செய்தது என்ன என்பதே முக்கியம் என்பது அவர்கள் கூறும் காரணம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பாயிலும் பிரீஸ்ட்லியும் ‘நான்’ என்றே எழுதினார்கள். அதனால் விஞ்ஞானம் கெட்டுப்போய்விடவில்லை. தமிழில் இந்தப் ‘படுதல்’ வாக்கியங்கள் வரிசையாக வரும்போது நடை நொண்டுகிறது. மேலும், ‘வெயிலில் வைக்கப்பட்டது’ என்று எழுதுபவன், எவ்வளவு நேரம் என்பதை எளிதில் மறந்துவிடுகிறான். ‘வைத்தேன்’ என்று எழுதும்போது அந்த வெயிலில் நின்ற நினைவு சிறிது வருகிறது. ஆசிரியர் விதித்த நடையில் எழுதுங்கள். ஆனால் நேரத்தையும் அளவையும் விட்டுவிடாதீர்கள்.

கடைசியாக, இந்த ஐந்து தலைப்புகளையே கேள்விக்குள்ளாக்கிய ஒருவரைக் குறிப்பிட வேண்டும். உடல் அயலுறுப்பை ஏற்பதும் தள்ளுவதும் பற்றிய ஆராய்ச்சிக்காக 1960-இல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் மெடவார், 1963-இல் பி.பி.சி. வானொலியில் பேசினார். விஞ்ஞானக் கட்டுரை ஒரு மோசடியா என்பது அவர் பேச்சின் தலைப்பு. கட்டுரையில் உள்ள செய்திகள் பொய் என்று அவர் சொல்லவில்லை. முதலில் திறந்த மனத்தோடு எல்லாவற்றையும் கண்டதுபோலவும், கண்டபின் முடிவு தானே வந்து விழுந்ததுபோலவும் கட்டுரையின் வடிவம் நடிக்கிறது என்றார். உண்மையில் விஞ்ஞானியின் மனத்தில் முதலில் தோன்றுவது ஓர் ஊகம். அந்த ஊகத்தை ஒட்டியே எதைக் காண்பது என்று அவன் தேர்ந்துகொள்கிறான். ஆகவே முடிவைப் பற்றிய விவாதத்தைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே வைக்கலாம் என்பது அவர் வாதம்.

ஹெல்மாண்டை நினைத்துப் பார்த்தால் இது உண்மை என்று தோன்றுகிறது. எல்லாம் நீரிலிருந்தே வந்தன என்ற எண்ணம் அவருக்கு முன்னரே இருந்தது; அதனால்தான் மண்ணையும் மரத்தையும் நிறுத்தவர் காற்றைக் கருதவே இல்லை. பதிவேட்டில் நோக்கம் என்ற முதல் தலைப்பின்கீழ், ‘இன்னது நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன், ஏனெனில் இன்ன காரணம்’ என்று ஒரு வரி சேர்த்து எழுதினால் மெடவாரின் குறை பெரும்பாலும் தீர்ந்துவிடும். அவர் குறை கண்டது அச்சேறிய கட்டுரையைத்தான். ஆய்வு மேசைமேல் கிடக்கும், அயோடின் கறை பட்ட குறிப்புத் தாளை அன்று. அதில் எண்ணம் பிறந்த ஒழுங்கும், அடித்துத் திருத்திய எண்ணும், கடிகாரம் காட்டிய மணியும் அப்படியே பதிந்திருக்கும். அந்தத் தாளை மேசையை விட்டு எழுமுன் எழுதி முடித்துவிடுங்கள். அழகான கையெழுத்தில் படியெடுப்பதை மாலையில் வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.